கருப்பாயி இறைத்த ஒரு குடம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன்.

ஆம், நான்தான்! வேறு எவர் மீதும் பழி போட வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசி. மதுரையில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த வசந்தா எங்கள் ஊருக்கு வந்தாள். ஊரில் தங்கி, சனங்கள் வாழ்கிற விதத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துத் தலைவர். எங்கள் வீட்டு மச்சிலேயே அவளுக்கு இடம் கொடுத்தோம்.

"சனங்களப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா? நான் தெனமும் சும்மாவே பாக்குறேன், எனக்கும் பட்டம் குடுப்பாகளா?" என்று கேலி செய்வேன்.

"உங்களுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்க்கா" என்பாள். கூடப் பிறந்தவள் போலத்தான் இருந்தாள்...

ஒரு நாள் சாப்பிடும்போது, ஊர்க்கிணற்றைப் பற்றியும் எழுதியிருப்பதாகச் சொன்னாள். அந்தக் கிணற்றில் காலனிப் பெண்கள் கயிற்றைத் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் தெருக்காரி ஒருத்தி மனம் வைத்து இறைத்து ஊற்றினால் தண்ணீர்; இல்லாவிட்டால் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

"அதையெல்லாமா எழுதுவ?"

"கண்ணால பாத்தத எழுதாம எப்படிக்கா?"

அவள் எழுதியது பொய்யா? இல்லை. நானே அப்படித்தானே ஊற்றிக்கொண்டிருந்தேன்! ஆனால் எழுத்தில் ஏறினால் தலைவர் வீட்டு மானம் என்னவாகும்? என் சோற்றைத் தின்றுவிட்டு என் ஊரையே... அப்படித்தான் நினைத்தேன்.

அவள் எழுதியதைப் படித்துவிட்டு, அவளுடைய பேராசிரியர் ஊரைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலையில், எங்கள் வயலில் வேலை செய்த காலனிக்காரி கருப்பாயியைக் கூப்பிட்டேன்.

"வாத்தியாரு வரும்போது நீயே கயித்தப் பிடிச்சு இறைக்கணும். கேட்டா, எப்பவும் இப்படித்தான்னு சொல்லணும்."

"ஊரு ஏசாதா ஆத்தா?"

"நான் சொல்றேன்ல!"

அவர் வந்தார். கருப்பாயி இறைத்தாள். அவள் எங்கள் தெருப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. "எப்பவும் இப்படித்தான் சாமி" என்றாள். கிணற்றடியில் அவர் கேட்ட மற்றவர்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையே சொன்னார்கள்.

"இப்படிக் கற்பனை பண்ணி எழுதலாமாம்மா?" என்று வசந்தாவிடம் கேட்டார்.

"நான் பாத்தேன் சார்! அக்கா, நீங்களாவது சொல்லுங்க..."

"நாங்க எல்லாரும் தாயா பிள்ளையாப் பழகுறோம் சார்" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லையே! எப்படி முடிந்தது என்னால்?

அவள் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அன்றே பெட்டியோடு கல்லுப்பட்டி பஸ்ஸில் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதோடு படிப்பை விட்டுவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் தீட்டுக் கழிய கிணற்றைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கருப்பாயி வெறுங்குடத்தோடு வந்து நின்றாள்.

"நாளைக்கும் நானே இறைச்சுக்கலாமா ஆத்தா?"

அவள் முகத்தில் எத்தனை ஆசை!

"தள்ளி நில்லுடி" என்றேன்.

மன்னிப்பை யாரிடம் கேட்பேன்? கருப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். வசந்தா எந்த ஊரில் இருக்கிறாளோ... நீங்கள் மன்னிப்பீர்கள் என்றும் நான் இதை எழுதவில்லை. நான் கும்பிட்டுக் கெஞ்சிப் பழகியவள் அல்ல. செய்தவள் நான், சுமப்பவளும் நானே.

என் பேத்தி மீனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் சொல்லியிருக்கிறேன்:

"மொதல்ல இருந்து சத்தமா வாசி தாயி. எந்த இடத்துலயாச்சும் நான் நல்லவளாத் தெரிஞ்சா நிறுத்து. அந்த வரிய அடிச்சுப்புடுவோம்."