மொட்டை மாடிக்கு ஒரு கண்டக்டர்

"உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்கு. வாசல்ல நிக்காதீக. ஆத்தா, அந்தத் தூக்குவாளிய மடியில வச்சுக்கங்க."

மொட்டை மாடிக் கதவில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுகொண்டு முத்துவீரன் இப்படித்தான் ஆள் ஏற்றுவார். திறந்த மாடியில் இடத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் அவர் கண்ணுக்கு அது ஐம்பத்தைந்து பேர் உட்காரும் வண்டி. கடைசி ஆள் ஏறியதும் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதுவார். கட்டடம் எங்கேயும் நகராது. நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

தேனியில் பெரியகுளம் சாலையை ஒட்டி நாலு மாடி, இருபத்துநாலு வீடு என்று நிற்கிறது எங்கள் சாரல் அடுக்ககம். முத்துவீரனுக்குத் தரைத்தளம். கோம்பைக்காரர், வயது ஐம்பத்துநாலு. குமுளி வண்டியில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக நின்றவர். முழங்கால் தேய்ந்துபோனதால் இரண்டு வருடமாக டிப்போவில் மேசை வேலை. மேசை கொடுத்தார்கள், நாற்காலியும் கொடுத்தார்கள். மனிதர் உட்கார்ந்தால்தானே! பீரோவில் இடுப்பைச் சாய்த்து, கால்களை அகட்டி வைத்து, நின்றபடியேதான் எழுதுகிறாராம். வீட்டிலும் அதே கதைதான்.

"உக்காந்து தின்னா இவுகளுக்கு ஒடம்புல ஒட்டாதாம்," என்பார் அவர் மனைவி ஜக்கம்மா. "ஒரு கையி தட்டுல, ஒரு கையி சன்னல் கம்பியில. அடுத்த ஸ்டாப்பு எதுன்னு பாக்குறாக போல!"

ஐப்பசி முதல் தேதி காலையில் வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர் தலையில் குரங்குக் குல்லாய் ஏறிவிடும். தை பிறந்துதான் இறங்கும். குல்லாய் ஏறிய அன்றே லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். மேலே கொட்டை எழுத்தில் 'டிரிப் ஷீட்'. முதல் டிரிப், மேகமலைப் பக்கமிருந்து மழை இறங்கி வருவதை மாடியிலிருந்து பார்ப்பது, மொச்சைச் சுண்டலோடு. இரண்டாவது, சுருளி அருவிக் குளியல். மூன்றாவது, கார்த்திகை விளக்கு. நான்காவது, மார்கழிக் கோலம். சேருகிறவர்களுக்கு டிக்கெட் உண்டு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை நாலாக மடித்துக் கிழித்து, நம்பர் போட்டு, எச்சில் தொட்டு எடுத்து நீட்டுவார். காசு கிடையாது. ஆனால் டிக்கெட் இல்லாமல் யாரும் ஏற முடியாது.

"வாச்சுப் பட்டையில சொருகிக்கங்க சார். தொலைச்சுப்புட்டுப் பெறகு திருதிருன்னு முழிக்காதீக."

மழைக்காலத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதைவிட உத்தமமான காரியம் இந்த உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன் நான். மூன்றாவது மாடியில் அதற்காகவே ஒரு கட்டில் வைத்திருக்கிறேன். இந்த மனுஷன் விடமாட்டார். விடுமுறை நாளில் கதவைத் தட்டி, "சார், சீட்டு ஒண்ணு காலியாப் போகுது," என்று கண்டக்டர் குரலில் சொன்னால் எனக்கு என்னவோ பேருந்தைத் தவறவிடப்போகிற பதற்றம் வந்துவிடுகிறது. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அப்படி ஓடிப் போனதுதான் சுருளிப் பயணம். போனால் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. சோப்பும் துண்டுமாக முப்பது பேர் விழித்துக்கொண்டு நிற்கிறோம். முத்துவீரன் அசரவில்லை. "டைவர்சன்!" என்று ஒரே வார்த்தை. வேன் சுருளிப்பட்டிக்குத் திரும்பியது. அங்கே தமக்குத் தெரிந்தவரின் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் எங்களைக் குனிந்த தலையோடு வரிசையாக நடக்கவிட்டு, ஆளுக்கு ஒரு கொத்து கையில் கொடுத்தார். "பத்து நிமிசம் வண்டி நிக்கும். திங்கிறவுக தின்னுக்கங்க." வாயெல்லாம் ஊதா நிறமாக, குளிக்காமலேயே வீடு வந்து சேர்ந்தோம். பொய் சொல்லக் கூடாது, நான் அவ்வளவு சிரித்து நாளாகியிருந்தது.

இப்படி ஓடிய வண்டி போன கார்த்திகையில்தான் பள்ளத்தில் இறங்கியது. கோவில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனையை நம் மாடியிலும் கொளுத்தினால் என்ன என்று முத்துவீரனுக்குத் தோன்றிவிட்டது. பனைமரத்தை லிஃப்டில் ஏற்ற முடியாது என்கிற ஞானம் மட்டும் இருந்தது. எட்டுப் பனையோலையை மடக்கித் திணித்துக் கொண்டுபோனார். அவற்றைத் தார் டிரம்மில் செங்குத்தாக நிறுத்திக் கற்பூரம் வைத்தார். ஓலை நன்றாகத்தான் எரிந்தது. பக்கத்தில் போன பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும் நன்றாகத்தான் உருகியது. இரண்டு நாள் இருபத்துநாலு வீடும் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறியது.

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் சசிதரன். பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைக்கூட மூடியின் கொக்கி இடப்பக்கம் பார்க்கும்படிதான் வைப்பார். அவர் ஒன்றும் கத்தவில்லை. மாடிக் கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பீரோவுக்குள் வைத்துவிட்டார். அவ்வளவுதான். வண்டி ஷெட்டுக்குப் போய்விட்டது. மார்கழிக் கோலத்தைக்கூட முத்துவீரன் கீழே கார் நிறுத்துமிடத்தில்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. இருபத்துநாலு கட்டத்தில் இருபத்துநாலு மயில் கோலம். காலையில் பார்க்க அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் கார்கள் வந்து அத்தனை மயிலையும் மிதித்துவிட்டு நிற்கும்.

இந்த வருடக் கார்த்திகைக்கு நாலு நாள் முன்பு அவர் என்னையும் இழுத்துக்கொண்டு சசிதரன் வீட்டுக்குப் போனார். நான் சும்மா துணைக்கு. அங்கேயும் சோபாவில் உட்காராமல் ஷோகேஸில் சாய்ந்துதான் நின்றார்.

"ஒரு சாயங்காலம் சார். ஆறு மணியில இருந்து எட்டு மணி. அகல் வெளக்கு மட்டுந்தேன். ஓலை கெடையாது, டிரம் கெடையாது. கோம்பைக்காரன் சார் நானு. எங்க ஊரு கோம்பை நாயைவிட நல்லாக் காவக் காப்பேன்."

"அப்படி என்னய்யா அவசியம் உங்களுக்கு? வீட்டு வாசல்ல ஏத்துனா விளக்கு எரியாதா?"

முத்துவீரன் குல்லாயைக் கழற்றினார். எனக்கு அதுவே அதிர்ச்சி.

"சார், பண்டிகையின்னா எங்களுக்கு ஸ்பெசல் வண்டி. இருவத்தாறு கார்த்திகையும் நான் வெளக்க சன்னல் வழியாத்தேன் பாத்தேன். சின்னமனூரு, உத்தமபாளையம், கம்பம், எல்லா ஊரு வெளக்கும் பின்னாடி ஓடும். ஜக்கம்மா வீட்டுல ஒத்தையில ஏத்திட்டு ஒக்காந்திருப்பா. இப்பத்தேன் எனக்கு லீவு கெடைச்சிருக்கு. மேல நின்னா ஊரு வெளக்கு மொத்தமும் நகராமத் தெரியும் சார்."

சசிதரன் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு பீரோவைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எட்டு மணிக்குச் சாவி என் கையில இருக்கணும். சின்னதா ஒரு பிசகு நடந்தாலும் அந்த மாடி பூட்டுனது பூட்டுனதுதான். நான் செயலாளரா இருக்கிற வரைக்கும் தொறக்காது."

"ரைட்டு சார்!" என்றார் முத்துவீரன், வண்டியைக் கிளப்புகிற குரலில்.

கார்த்திகை அன்று அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீர்க் குழாயைச் சுற்றி இரண்டடிக்குச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். இரண்டு வாளி மணல், நாலு வாளி தண்ணீர். சேலைத் தலைப்பு, தாவணி நுனி எல்லாவற்றையும் இழுத்துச் செருகச் சொன்னார். டிக்கெட் கொடுத்து ஏற்றியவர்கள் அறுபத்தொரு பேர். ஆள் ஆளாக விரல் நீட்டி எண்ணினார். இரட்டை விசில். ஜக்கம்மாதான் முதல் விளக்கை ஏற்றினார். கைப்பிடிச் சுவரைச் சுற்றி அகல்கள் ஒவ்வொன்றாக எரிய, அந்தப் பக்கம் தேனி ஊரே மினுக் மினுக்கென்று கிடந்தது. பொரியுருண்டை கைமாறியது.

கொஞ்ச நேரத்தில் சசிதரன் கையில் டார்ச்சோடு மேலே வந்தார். யாரிடமும் பேசாமல் நேரே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்.

முத்துவீரன் என் காதில் கிசுகிசுத்தார். "செக்கிங் ஏறிட்டாக. எல்லாரும் டிக்கெட்ட ரெடியா வச்சுக்கங்க."

ஏழு மணி இருக்கும். மேற்கே ஒரு மின்னல். முதலில் நாலு தூற்றல், அடுத்து வானம் பொத்துக்கொண்டது. விளக்காவது ஒன்றாவது! தலையில் துண்டும் தட்டுமாக எல்லோரும் கதவுக்குப் பாய்ந்தார்கள். முத்துவீரன் படியில் நின்று, "முன்வாசல் வழியா எறங்கு, தள்ளாதீக, ஏலே விஷாலு, கைப்பிடியப் புடிச்சு எறங்கு," என்று கத்திக்கொண்டே தலைகளை எண்ணினார். ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. கணக்கு நேராகிவிட்டது. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டார்.

"ஏறினது அறுவத்தொண்ணு, எறங்கினது அறுவத்தொண்ணு. ஒரு பிசகு உண்டா? சொல்லுங்க சார்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நனைந்த குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தச் சிரிப்போடு வீட்டில் துணி மாற்றிக்கொண்டு, நின்றபடியே ஒரு காப்பியும் குடித்துவிட்டு, ஏழே முக்காலுக்குச் சாவியை ஒப்படைக்கக் கிளம்பினார். நானும் ஜக்கம்மாவும் பின்னாலேயே போனோம். வெற்றியைப் பார்க்க வேண்டாமா?

கதவைத் திறந்தது சசிதரனின் மனைவி முனீஸ்வரி.

"அவுக இங்கன எங்க இருக்காக? உங்ககூட மாடியிலதான இருந்தாக? போனைக்கூட சார்ஜ்ல போட்டுட்டுல்ல போனாக."

முத்துவீரன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"அய்யய்யோ," என்றார். "செக்கிங்க நாங்க எண்ண மாட்டோமே!"

உண்மைதான். இருபத்தாறு வருடப் பழக்கம். வழியில் ஏறுகிற பரிசோதகர் பயணி அல்ல, அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் சாவி கொடுத்த மனிதரையே மழையில் வைத்துப் பூட்டிவிட்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமையில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். "போச்சு, மாடி போச்சு," என்று வாய் ஓயாமல் புலம்பல். "இந்த வருசமும் போச்சு!" பின்னால் ஜக்கம்மா திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தால் மாடி இருட்டாக இல்லை. தொட்டிக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, மழை படாத இடத்தில் நாற்பது அகல்களுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தன. ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே வரிசை, குழாயிலிருந்து நாலடி தள்ளி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சசிதரன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"தட்டித் தட்டிக் கை வலிச்சுப் போச்சுய்யா. இடியில யாருக்குக் கேக்கும்? எல்லாரும் ஓடுனதுல ரெண்டு விளக்குதான் அணையாம நின்னுச்சு. அதை எடுத்துட்டு வந்து மத்ததெல்லாம் ஏத்துனேன். சும்மா இருந்து என்ன செய்ய?"

"சார், மன்னிச்சுக்கங்க சார். எண்ணித்தேன் பூட்டுனேன். அறுவத்தொண்ணு சரியா இருந்துச்சு..."

"என்னைய எண்ணலையா?"

"செக்கிங்க எண்ணுற வழக்கம் இல்லீக சார். அவுக டிக்கெட் எடுக்க மாட்டாகள்ல."

சசிதரன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நானும் இந்த பில்டிங்லதானய்யா குடியிருக்கேன்? வீடு வீடாக் கதவத் தட்டுறீக. எங்கிட்ட ஒருநாளாச்சும் ஒரு டிக்கெட்ட நீட்டுனீகளா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. முத்துவீரன் குல்லாயின் மடிப்பைத் துழாவினார். கார்த்திகைத் தாளில் மிஞ்சிய ஒரே துண்டு, ஓரம் மட்டும் நனைந்து, அகப்பட்டது. காதிடுக்கில் இருந்த பேனாவை எடுத்து அறுபத்திரண்டு என்று எழுதினார். வலது கையில் டிக்கெட்டையும் இடது கையில் சாவியையும் சேர்த்து நீட்டினார்.

சசிதரன் டிக்கெட்டை மட்டும் வாங்கி வாச்சுப் பட்டையில் செருகிக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் தேங்கிய தண்ணீரைத் தட்டிவிட்டு, "உக்காருங்க, மழை விடட்டும்," என்றார்.

ஜக்கம்மா முந்திக்கொண்டு வேறொரு நாற்காலியை விளக்குப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். முத்துவீரன் சாவியைச் சட்டைப்பையில் விசிலோடு போட்டுக்கொண்டார். நிற்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று நிச்சயமானதும், மெல்ல உட்கார்ந்தார்.