சின்னவனுக்கு எடுத்து வைத்த பியர்

1. கட்டை ரியூப்

நவத்தின் காவுக்குள் நான் முதன்முதலில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, தரையில் ஒரு வாளி நிறைய நுரை இருந்தது. காவ் என்றால் பிரெஞ்சில் கட்டடத்துக்குக் கீழே உள்ள நிலவறை. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் நவத்தின் அக்கா சரோ நடத்திய சேலைக்கடைக்குக் கீழே அது இருந்தது. சுவரோரம் ஒரு பழைய பிரிஜ். அதன் கதவில் ஓட்டை போட்டு நவம் இரண்டு பியர்க் குழாய்கள் பூட்டியிருந்தான். முன்னால் கிளாசுகளோடு நின்ற நண்பர்கள் மூன்று பேரின் மீசையிலும் நுரை. அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நவம் சிரிக்கவில்லை.

"அண்ணை, மினக்கெட்டுக் காய்ச்சினது. முழுக்க நுரையாப் போகுது. பியர் பிழையோ, நான் பிழையோ எண்டு தெரியேல்லை."

நான் அப்போது ஒரு பியர் மொத்த வியாபாரியிடம் வேலை செய்தேன். கபேக்களில் குழாய் பூட்டுவதும், பியர் வருகிற ரியூப் கழுவுவதும், நுரை வந்தால் காரணம் பார்ப்பதும்தான் என் தொழில். வீட்டில் பியர் காய்ச்சுகிற தமிழனை அன்றுதான் கண்டேன். நவம் பகலில் ஒரு போக்குவரத்துக் கொம்பனியில் கணக்கு வேலை பார்த்தான். ஓய்வு நாட்களில் இந்தக் காவில் காய்ச்சி, சின்னப் பீப்பாக்களில் நிரப்பி, நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பான். கலியாணம் கட்டவில்லை. அக்காவோடு புறநகரான ஓல்னேயில் இருந்தான்.

நுரைக்கு நாங்கள் முதலில் பார்ப்பது குளிர். சரியாக இருந்தது. அடுத்தது வாயுவின் அழுத்தம். அதுவும் சரி. பிரிஜ்ஜைத் திறந்து, பீப்பாவிலிருந்து குழாய்க்குப் போகிற ரியூப்பைப் பார்த்தேன். என் முழங்கை அளவுதான் இருந்தது.

"ஆர் தம்பி உமக்கு இவ்வளவு கட்டையா வெட்டச் சொன்னது?"

"நீட்டா விட்டாச் சுருண்டு கிடக்கும். வடிவில்லை எண்டு வெட்டினனான்."

பீப்பாவுக்குள் இருக்கிற வாயு பியரை வெளியே தள்ளுகிறது. ஒடுங்கிய, நீளமான ரியூப்பில் உரசி வரும்போதுதான் அந்த வேகம் தணியும். கட்டை ரியூப்பென்றால் பியர் பாய்ந்து வந்து குழாயில் அடித்து உடையும். உடைந்தால் நுரைதான். என் வான் வண்டியில் கிடந்த ரியூப்பில் நீளமாக ஒரு துண்டு வெட்டிப் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த கிளாஸ் பொன் நிறத்தில் இறங்கியது. மேலே இரண்டு விரல் கனத்துக்கு நுரை. நவம் அதை மின்குமிழுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி நின்றான்.

அந்த நேரம் அவனுடைய போன் அடித்தது. வன்னியிலிருந்து தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். யாருடையதோ செய்மதிப் போனில் முறை வைத்துக் கதைக்கிறானாம். 2009 தொடங்கியிருந்தது, அங்கே சண்டை நெருங்கியிருந்தது. நவம் எங்களுக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தான்.

"இப்ப பியர் ஒழுங்கா வருதடா!" என்று கத்தினான்.

"அப்ப எனக்கு ஒரு பீப்பா எடுத்து வை அண்ணை. வந்து முதல் அதைத்தான் குடிப்பன்," என்றது மறுமுனை. சிரிப்புச் சத்தமும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

2. ஒழுக்கு

சண்டை முடிந்த அந்த வருட இலையுதிர் காலத்தில் நவம் என்னைக் கூப்பிட்டான். பீப்பா ஒன்றில் வாயு ஒழுகுகிறதாம்.

போய்ப் பார்த்தேன். பிரிஜ்ஜுக்குள் ஒரு பீப்பா குழாயோடு பூட்டியிருந்தது. மற்றது தனியாக, துவாய் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒழுக்குப் பார்ப்பது லேசான வேலை. மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும். தெளித்தேன். மூடி, வால்வு, ரப்பர் வளையம் எங்கும் ஒரு குமிழி இல்லை.

"ஒழுக்கு இல்லை, நவம்."

"இருக்கு அண்ணை. மீற்றர் ஊசி இறங்குது. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இறங்க இறங்கக் கொஞ்சம் கூட்டி விடுறன்."

"கூட்டாதையும். பியர் வாயுவைக் குடிக்கும். பிறகு திறக்கேக்கை முழுக்க நுரைதான். எப்ப நிரப்பினது இது?"

"தையிலை."

"இன்னும் திறக்கேல்லையோ?"

"இது சின்னவன்ரை," என்றான். துவாயை எடுத்துத் திரும்பவும் சுற்றினான்.

மேலே கடையில் சரோ சேலை மடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அண்டைக்குப் போனிலை சின்னவன்ரை குரலை நீங்களும் கேட்டியளே, அதுக்குப் பிறகு ஒருக்கா எடுத்தவன். அதோடை சரி. முகாமிலை தேடியாச்சு. ஆஸ்பத்திரியிலை கண்டதெண்டு ஒராள் சொன்னார், கடற்கரையிலை கண்டதெண்டு இன்னொராள். நான் அழுது முடிச்சிட்டன். இவன் அழுறானில்லை. வேலையாலை வந்தோடனை கீழை போய் அந்தப் பீப்பாவோடை இருக்கிறான்."

அதன்பிறகும் நவம் பலமுறை கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் ஒழுக்கு என்றே சொன்னான். நானும் போய்த் தெளித்துப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அவன் தலையாட்டுவான். நம்பினானா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். வந்தால் என்ன கதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

3. மணம்

அடுத்த வருடக் கோடையில், "ஒருக்கா வந்து இது கெட்டுப்போச்சோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ," என்றான்.

சரோ கடையைப் பூட்டிவிட்டுத் தானும் கீழே இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றார். நான் பீப்பாவைக் குழாயில் கொழுவினேன். கிளாசுக்குள் சீறிக்கொண்டு வெள்ளையாக வந்தது. கூட்டிக் கூட்டி விட்ட வாயு முழுவதும் பியருக்குள் இருந்தது. இதற்கு ஒரே வழி வாயு வருவதை நிறுத்திவிட்டு, மேல் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, பொறுத்திருந்து, மீண்டும் திறந்து விடுவது. அந்தப் பின்னேரம் முழுக்க அதைத்தான் செய்தேன். வால்வால் நுரை துப்பும்போதெல்லாம் நவம் துணியால் துடைத்தான்.

கடைசியில் அரைக் கிளாஸ் பியர் இறங்கியது. கலங்கல். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. புளித்த வினாகிரி மணம்.

நான் சரோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காவில் இருந்த மூன்று பேருக்கும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். ஆனாலும் அதை நான்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

"கெட்டுப்போச்சு, நவம்."

அவன் கிளாசை வாங்கி மணந்தான்.

"புளிச்சிட்டுது என்ன?"

"ஓம்."

"பியர்தானே அண்ணை கெட்டது?"

"ஓம். பியர்தான்," என்றேன்.

பீப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினான். சரோ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி மேலே போய்விட்டார். அவர் அழுது முடிக்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நவம் புதிதாகக் காய்ச்சத் தொடங்கினான். சின்னவனுக்கு.

4. குறையில்லாத கிளாஸ்

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு தையிலும் ஒரு பீப்பா நிரப்புவான். பழையதை ஊற்றிவிடுவான். நான் போய் ரியூப் கழுவி, ரப்பர் வளையம் மாற்றிக் கொடுப்பேன். இடையில் அவன் கணக்கு வேலையை விட்டான். ஆட்களோடு ஒரு அறைக்குள் இருக்க ஏலாது என்றான். தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. செத்த செய்தியும் வரவில்லை.

பிறகு சரோவுக்கு முழங்கால் ஏலாமல் போனது. கடையைக் கொடுப்பதென்று முடிவெடுத்தார். கடை போனால் காவும் போகும். கடைசிப் பீப்பாவைத் திறக்க நவம் என்னைக் கூப்பிட்டான். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

குளிர் பார்த்தேன், அழுத்தம் பார்த்தேன், ரியூப்பைக் கழுவிப் பூட்டினேன். நவமே குழாயைத் திறந்தான். பியர் சத்தமில்லாமல் இறங்கியது. கண்ணாடி போலத் தெளிவு. நுரை விளிம்புக்கு வந்து அப்படியே நின்றது. என் தொழிலில் அப்படி ஒரு கிளாஸ் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

"ஒரு குறையும் இல்லையே அண்ணை?"

"இல்லை."

அவன் குடிக்கவில்லை. கிளாசை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தான். சரோவும் நானும் பக்கத்தில் இருந்தோம். நுரை மெதுவாக வற்றி, விளிம்பில் ஒரு வளையமாக ஒட்டி, அதுவும் போனது.

"அப்ப இனி என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

அவன் பியரைப் பற்றிக் கேட்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் எந்தக் குறைக்கும் திருகவோ வெட்டவோ கழுவவோ எனக்கு ஏதாவது இருந்தது. அன்று என் கை பைக்குள் போனது. ஒன்றையும் எடுக்காமல் திரும்பி வந்தது. சரோ அவனுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவன் அழவில்லை. பாரம் முழுவதையும் அவர்மேல் போட்டுவிட்டு அப்படியே கிடந்தான்.

நவம் பிறகு காய்ச்சவில்லை. தேறி வந்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ஓல்னேயில் யன்னலோரம் இருக்கிறான். வைத்தியரிடம் போகிறான், மருந்து குடிக்கிறான், சில நாள் கதைப்பான், பல நாள் கதைக்கமாட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நுரையை எப்படி அடக்குவது என்று யாராவது காட்டித் தருவார்கள். திருத்த ஒன்றும் இல்லாத வீட்டுக்கும் போகவேண்டி வரும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகத்தான் படித்தேன். போய் என்ன பயன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போன கிழமையும் போனேன். சரோ தேத்தண்ணி தந்தார். நவம் யன்னலைவிட்டு எழும்பவில்லை. நான் சப்பாத்துப் போடும்போது கதவடிக்கு வந்து நின்றான்.

"வாற கிழமையும் வருவியளோ அண்ணை?"

"ஓம்," என்றேன்.