இடிந்த கோயிலில் இரண்டு அர்ச்சனை

லண்டனுக்குக் குடிபோவதற்கு முந்தின கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்த இடிஞ்ச கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வருவமே?" அந்த இடத்தைப் பற்றிக் கதை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்றாலும் ஊரைவிட்டுப் போகிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கோடை.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. ஏழு வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்லியில் அடுத்தடுத்த மாடிக் கட்டடங்களில் இருந்தோம். நகரத்துக்குள் நொர்வேஜிய மொழி வகுப்பு. தினமும் ஒரே ரயிலில் போவோம். வெஸ்ட்லி கடைசித் தரிப்பு, அதனால் ஏறும்போது பெட்டி வெறுமையாக இருக்கும். அப்படியிருந்தும் யன்னலோர இருக்கைக்கு அடிபடுவோம். வழி முழுக்க அவர் கதைப்பார், நான் அவருடைய நொர்வேஜிய மொழியில் பிழை பிடிப்பேன். பிழை பிடிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான்.

வகுப்புக்குக் கிட்ட, பழைய நகரப் பக்கத்தில், ஒரு புல்வெளி. அதில் முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தின ஒரு தேவாலயத்தின் மிச்சம். மத்தியான இடைவேளையில் அந்தக் கற்களில் அமர்ந்துதான் வீட்டிலிருந்து கொண்டுபோன, முட்டைப்பொரியல் வைத்த பாண் துண்டைச் சாப்பிடுவோம். ஒரு மே மாதத்து நாள் அக்கா பாணைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு எழும்பினார்.

"கோயில் எண்டால் கோயில்தானே. இடிஞ்சால் மட்டும் சாமி எழும்பிப் போயிடுமே? சப்பாத்தைக் கழட்டும்."

அவருக்கு ஒரு பெரிய தேவை இருந்தது. கணவருடைய விசா இரண்டு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. ஊரில் ஒருநாள் கூட்டாளி வீட்டுக்குச் சைக்கிளில் போன என் தம்பி திரும்பி வரவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று ஒரு சொல் வந்தால் போதும் என்று காத்திருந்தேன்.

"சாமி கிழக்கைப் பாத்துத்தான் இருக்கும். அப்ப மூலஸ்தானம் மேற்கிலை" என்று அக்கா திசை பிடித்தார். மேற்குக் கோடியில் இரண்டு தடித்த கற்கட்டுகள், நடுவில் ஓர் இடைவெளி. அதுதான் மூலஸ்தானம் என்று முடிவாயிற்று. புல்லில் பூத்திருந்த மஞ்சள் காட்டுப்பூக்களைப் பறித்து அங்கே வைத்தோம். அக்காவே ஐயராகி, "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். கணவருடையதைத் தானே சொல்லிக்கொண்டார். நான் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று தரம் சுற்றி வந்தோம். நாயுடன் வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஈரப் புல்லில் காலுறை நனைந்து, அன்று பின்னேரம் முழுக்க வகுப்பில் குளிரில் விறைத்துப்போய் இருந்தேன். எவ்வளவு சந்தோசமான நாள் அது! அப்படிச் சிரித்த நாட்கள் பிறகு அதிகம் வரவில்லை.

ஆவணி மாதம் அக்காவின் கணவர் வந்து இறங்கினார். "பாத்தீரே, கேட்ட உடனை தந்திட்டுது" என்று அக்கா போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. ஒரே இடம், ஒரே பூ, ஒரே ஐயர். எனக்கு மட்டும் ஏன் இல்லை? எனக்குப் பொறாமைதான். அக்காவோடு சிரித்துக்கொண்டே அந்தப் பொறாமையை ஏழு வருடம் வைத்திருந்தேன்.

நாங்கள் வழக்கமாகப் போகும் கோயிலில் வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு வீட்டில் எல்லோருடைய பெயரையும் சொல்லுவேன். ஒருநாள் தம்பியின் பெயர் வரும் இடத்தில் நாக்கு எழவில்லை. அர்ச்சனை இருக்கிறவர்களுக்குத்தான். போனவர்களுக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லுவதில்லை. அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை, பிறகு சொல்லாமலே விட்டுவிட்டேன். ஆனால் திவசமும் செய்யவில்லை. அவனை நான் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இந்த முறையும் ரயிலில் அக்காதான் கதைத்தார். யன்னலோரத்தை எனக்கு விட்டுத்தந்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. புல்வெளி அப்படியே இருந்தது. ஓரத்தில் தேவாலயத்தைப் பற்றி எழுதியிருந்த பலகையும் பழையதுதான், அந்த நாளில் எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. இப்போது நான் நின்று முழுவதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

"அக்கா, இவையின்ரை பீடம் கிழக்கிலை. நாங்கள் பூ வைச்சது வாசல்படியிலை. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு கும்பிட்டிருக்கிறம்!"

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப இவர் எப்பிடி வந்தவர்?"

"விசா வந்தது, வந்தவர்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு குரூரமாகச் சொன்னேன் என்று விளங்கியது. அக்கா ஒரு கல்லில் அமர்ந்து, மேற்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப உம்மடை தம்பியின்ரை அர்ச்சனை இன்னும் நடக்கேல்லை" என்றார்.

நான் மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பினேன்.

"வெள்ளிக்கிழமையளிலை நான் உமக்குப் பின்னாலைதானே நிக்கிறனான். ரெண்டு வருசமா அவன்ரை பேர் கேக்கேல்லை. நீரே சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். இனி நான் பின்னாலை நிக்க மாட்டன். அதுதான் இண்டைக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எழும்பிச் சப்பாத்தைக் கழற்றினார். குனிய முடியாமல் குனிந்து நாலு மஞ்சள் பூவைப் பறித்துக்கொண்டு கிழக்குக் கோடிக்கு நடந்தார். ஏழு வருடத்தில் அவருக்கு முழங்கால் வருத்தம் வந்திருந்தது. பூக்களைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இஞ்சை வாரும். பேர்?"

நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனேன். பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

அந்தக் கோடையில் அவனுக்கு முப்பத்தொரு வயது.

"அனுஷம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.