மூன்று புள்ளி எட்டு

மார்ச் 3 — வயிற்று ஸ்கேன் — 900
மார்ச் 6 — மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேன் — 4,200
மார்ச் 12 — அறுவை மருத்துவர், ஆலோசனை — 600
ஏப்ரல் 9 — அறுவை, முன்பணம் — 60,000

பேண்டு வாத்தியக்காரர்களுக்குக் கோட்டு தைக்கும் அந்த அம்மாளுக்குத் தெருவில் வைத்த பெயர் அரையங்குலம். எந்தக் கோட்டிலும் உள்தையலில் அரை அங்குலத் துணியைக் கூடுதலாக மடித்து விடுவார். ஊதுகிறவர்கள் எப்படியும் பெருப்பார்கள் என்பது அவர் கணக்கு. முப்பத்தோரு வருடத்தில் அது பொய்த்ததில்லை.

அஜீரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், தேடாத இடத்தில், இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை, சிறுநீரில் ரத்தமும் இல்லை. சிடி ஸ்கேன், அது புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அளவு 3.8. அரையங்குலம் அதைத் தன் அளவு நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டில் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு கிடையாது. மார்பு 40 என்றால் நாற்பது அங்குலம். கை 24 என்றால் இருபத்துநாலு அங்குலம். கட்டியும் அப்படியே.

அன்று மாலையே சிவப்பு வெல்வெட்டில் மூன்று புள்ளி எட்டு அங்குல உருண்டை ஒன்றைத் தைத்துப் பஞ்சு அடைத்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெருசு உள்ள இருக்குன்னா உன் கிட்னி எங்க இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. வெளிய எங்கயாவது வாடகைக்குப் போயிருக்கும்."

சிரிக்க ஆரம்பித்தவர்களால் நிறுத்த முடியவில்லை. ஓய்ந்தபோது அரையங்குலம் முடிவு கட்டியிருந்தார்: இத்தனை பெரிதென்றால் இனி பிழைப்பதற்கில்லை. மறுநாள், தன்னைப் போலவே தையல்காரியான நாத்தனாரை அழைத்துத் தன் பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்தார். இருபது வருடமாக அதன்மேல் கண் வைத்திருந்த நாத்தனார் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே பைக்குள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 12 அன்று அறுவை மருத்துவரின் மேஜைமேல் வெல்வெட் உருண்டை உட்கார்ந்தது.

"என்னம்மா இது?"

"என் கட்டி, டாக்டர். அளவு அச்சு அசலா இருக்கும்."

டாக்டரம்மா உருண்டையையும் ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரையங்குலம் கழற்ற மறந்து கழுத்தில் மாட்டியபடியே வந்திருந்த டேப்பைக் கேட்டு வாங்கி, மறுபக்கம் திருப்பினார்.

"முழு கிட்னியே நாலரை இஞ்சு தேறாது. இது சென்டிமீட்டர்ம்மா. மூணு புள்ளி எட்டு, இந்தா, இவ்வளவுதான்."

விரல் நின்ற இடம் ஒன்றரை அங்குலம்.

"அட, ஒரு கோட்டுப் பொத்தான்!"

கணவர் குலுங்கிச் சிரித்தார். "முப்பத்தோரு வருஷமா மாட்டிட்டுத் திரியறா டாக்டர், அந்தப் பக்கத்தை ஒரு நாள் பார்த்ததில்ல!"

"நீங்க மட்டும் பின்னாடி பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தா பஸ் ஓட்டினீங்க?"

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டுக் கையை உயர்த்தினார். "சின்னதுதான், ஆனா எடுத்துத்தான் ஆகணும். பரவின அடையாளம் ஸ்கேன்ல இல்ல. அதனால கட்டியை மட்டும் எடுத்துட்டு மிச்சக் கிட்னியைத் தச்சிடப் பார்க்கிறேன். உள்ள போனப்புறம் முடியலைன்னா முழுசையும் எடுக்க வேண்டி வரும். ஒரு கிட்னியோடயும் நல்லா வாழலாம்."

"கீமோ? முடி கொட்டுமா?"

"இந்தப் புற்றுநோய் கீமோவுக்கு அவ்வளவா அசையாது. பரவியிருந்தா வேற மருந்து உண்டு. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற ஊசி, கட்டிக்கு ரத்தம் போறதைத் தடுக்கிற மாத்திரை. உங்களுக்கு இப்போ கத்திதான்."

"கட்டியை ஒட்டியே வெட்டுவீங்களா?"

"சுத்தி ஒரு நூல் அளவாவது நல்ல சதையையும் சேர்த்துத்தான். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். வெட்டின ஓரம் சுத்தம்னு அவங்க எழுதினாத்தான் எனக்கு நிம்மதி."

இவர் தொழில் தெரிந்தவர் என்று அரையங்குலம் மனதுக்குள் மதிப்பெண் போட்டார். வீடு வந்ததும் நாத்தனாருக்கு ஃபோன்.

"கத்தரிக்கோல் வேணும்டி."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களே அண்ணி, நியாயமா?"

"நான் சாகலைடி!"

"அதை டாக்டர் எழுத்துல கொடுக்கட்டும்."

ஏப்ரல் 9 அன்று நான்கு சிறு துளைகள் வழியே கட்டி வெளியே வந்தது. கிட்னியின் பெரும்பகுதி தங்கியது. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தையல்?" 12ஆம் தேதி வீடு திரும்பியபோது நாத்தனார் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார். "எழுத்து வரட்டும்னுதான் சொன்னேன் அண்ணி. மனசு கேக்கல."

சிரித்தால் துளைகள் இழுத்தன. கணவர் வாயைத் திறக்கவே கூடாது என்று தடை போடப்பட்டது. ஆனால் தபால் வரும் நேரத்தில் அரையங்குலம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்; ஊசியில் நூல் கோத்தது கோத்தபடி, கால் அசையாமல். ஓரத்தில் ஏதாவது மிச்சம் நின்றிருந்தால்?

பரிசோதனை முடிவு வந்த கடிதத்தைக் கணவர்தான் பிரித்துப் படித்தார். சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை. வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் இல்லை. மேற்கொண்டு மருந்து தேவையில்லை. ஆறு மாதத்தில் ஸ்கேன்.

"ஓரத்தை மறுபடி படிங்க."

படித்தார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவர் படிக்கவில்லை. வாயாலேயே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். பின்னாலேயே அரையங்குலமும், விலாவை அழுத்திப் பிடித்தபடி, வலிக்குது வலிக்குது என்று சிரித்துக்கொண்டே.

கடிதம் வந்தது ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை.