சனிக்கிழமை வாங்கி, சனிக்கிழமையே திருப்பிய ஆப்

பிரிசில்லா எனக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றாள், எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இந்த மருதாசலம், வேலம்பாளையத்தில் நாற்பது தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால், ஆளை எடை போடத் தெரிந்ததால்தான். ஒரே ஒரு ஆளிடம்தான் தப்புப் பண்ணினேன். இவளைக் குறைத்து எடை போட்டுவிட்டேன்.

நாசரேத் பக்கமிருந்து அம்மாவோடு வந்தவள். பதினேழு வயதில் என் யூனிட்டில் செக்கிங் மேஜையில் நின்றாள். பனியனைத் திருப்பிப் பார்த்து ஓட்டை, தையல் விட்டது எல்லாம் பொறுக்கிப் போடுகிற வேலை. நின்றுகொண்டே தபாலில் படித்து கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினாள்.

எங்கள் தொழிலில் டெய்லருக்குப் பீஸ் கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. நான் தைத்தது நானூறு, நீ எழுதினது முந்நூற்றைம்பது என்று வாராவாரம் சண்டை. அதற்குத்தான் ஒரு ஆப் எழுதினாள். பீஸை ஏற்றினால் கூலி வந்துவிடும். ஃபோனில் ஆப் விற்கிற கடையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று விலை வைத்தாள். அதில் நூற்றுக்குப் பதினைந்து கடைக்காரனுக்கு.

"தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க அண்ணாச்சி. கடனை அடைக்க முடியலன்னா, உங்க ஆபீஸ்லயே வந்து உக்காந்து கணக்கு எழுதிக் கழிக்கேன்" என்று அவளே வாக்குக் கொடுத்தாள்.

முதல் மாதம் அறுபத்திரண்டு பேர் வாங்கினார்கள். அறுபது பேர் ஆப்பைத் திருப்பிக் காசை வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தன் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'நல்ல ஆப். ஆனா காசு கேக்குது' என்று எழுதியிருந்தான். அதற்குள் அதே மாதிரி ஓசி ஆப் ஒன்றும் வந்துவிட்டது. கூலிக் கணக்குக்கு நடுவில் ரம்மி ஆடக் கூப்பிடுகிற விளம்பரம் அதில்.

"நீயும் ஓசியாக்கி விளம்பரம் போட்டுரு கண்ணு" என்றேன்.

"சம்பளம் வாங்குத அன்னைக்கு ரம்மிக்குக் கூப்பிடவா? அந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்றாள் வெடுக்கென்று. "ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருப்பலாம்னு கடையில சட்டம், சரி. ஆனா எதுக்குச் சொல்லி வச்ச மாதிரி சனிக்கிழமையே திருப்புதாங்க?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "நானே திருப்பினேனே!" என்றேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு வாங்கி, நோட்டில் இருக்கிற வாரக் கணக்கை மொத்தமாக ஏற்றி, கூலியை எழுதிக்கொண்டு, ஏழரைக்குத் திருப்பிவிடுவேன். ஒரு ஃபோனில் ஒரு தடவைதான் திருப்ப விடுவான், அதனால் அடுத்த வாரம் என் சம்சாரம் மயிலாள் ஃபோன். அதற்கடுத்த வாரம் மருமகள் ஃபோன். "மூணு வாரம், நயா பைசா செலவில்லை. இந்த வழியை யூனிட்காரங்க பத்துப் பேத்துக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் சத்தம் போடவில்லை. "நீங்க தைச்ச பனியனை ஒருத்தன் ரெண்டு மணி நேரம் போட்டுக்கிட்டு, வேர்வையோட திருப்பிக் குடுத்தா வாங்கிக்கிடுவியளா?"

"அதெப்படிம்மா?"

"பனியன்னா மட்டும் அதெப்படியாக்கும்?"

மெஷினில் இருந்த ஒச்சாயி களுக்கென்று சிரித்துவிட்டாள். உசிலம்பட்டிக்காரி, பதினோரு வருசமாக என்னிடம் ஓவர்லாக் மெஷினில் பனியன் ஓரம் அடிக்கிறவள். அவள் சிரித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"அப்படீன்னா தீபாவளி முடிஞ்ச திங்கக்கெழமை வந்து கணக்கு நோட்டைப் புடி" என்றேன்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் ஆளைக் காணோம். பிறகு பார்த்தால் ஆப் மாறியிருக்கிறது. அன்றன்று தைத்த பீஸை அன்றன்றே ஏற்ற வேண்டும். திங்கட்கிழமைக் கணக்கைச் செவ்வாய்க்கிழமை தொட முடியாது. சனிக்கிழமை மொத்தமாக ஏற்றவும் வழியில்லை. வாரக் கூலி வேண்டுமென்றால் ஆறு நாள் ஆப்பை வைத்திருக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் எந்த மூலைக்குக் காணும்?

யூனிட்காரர்கள் எங்களுக்கு ஆத்திரமான ஆத்திரம். "ஒருத்தரும் வாங்காதீங்கப்பா" என்று அந்தப் பத்துப் பேருக்கும் நானே ஃபோன் போட்டேன். ஆனால் வாங்கினது யார் தெரியுமா? டெய்லர்கள்! திங்கட்கிழமை ஏற்றினதைச் சனிக்கிழமை எவனும் குறைக்க முடியாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒச்சாயி என் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டினாள். "மொதலாளி, நான் என் காசுல வாங்கிட்டேன். இனி இதுல இருக்கிறதுதான் கணக்கு. நீங்களும் வாங்குனா ஒத்துப் பாக்கலாம். இல்லையா, எனக்கு வேற கம்பெனி இருக்கு."

ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் ஓவர்லாக் ஆளை விட முடியுமா? வாங்கினேன். திருப்பவில்லை. நான் வாங்கினதைப் பார்த்துத்தான் பொங்கலூர் வரைக்கும் வாங்கினார்கள். அதை எவனும் இல்லையென்று சொல்ல முடியாது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. மெஷினை நிறுத்திவிட்டு டெய்லர்கள் பட்டுவாடாவுக்கு நின்றிருந்தார்கள். பிரிசில்லா நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"வா கண்ணு, உக்காரு."

"உக்கார வரல அண்ணாச்சி. கையை நீட்டுங்க."

"மேசையில வெய்யி."

"நீட்டுங்க."

முப்பது வருசமாக இந்த மேஜையில் கொடுத்துக் கொடுத்தே பழகின கை. அத்தனை பேருக்கும் முன்னால் விரித்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி எண்ணி, உள்ளங்கையில் வைத்தாள். எண்பத்து நாலு.