ஆத்தாளுக்குப் படைச்ச கச்சான்

என் மக செல்வி மூச்சுக்குத் தவிச்சுக் கிடந்தா. சுத்தி நின்னு அம்புட்டுப் பேரும் குலவை போட்டாங்க. இதை எந்த வாயால சொல்ல? ஆனா சொல்லத்தான் வந்திருக்கேன். இந்த மாரியம்மன் கோயில்ல, அன்னைக்கு நின்ன அதே எடத்துல நின்னு சொல்றேன். கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கட்டும்.

ஐம்பத்தஞ்சாம் வருஷம், ஆடி மாசம். கொட்டகலைக்கு மேல நம்ம தேயிலைத் தோட்டத்துலதான். செல்விக்கு அப்போ பத்து மாசம். எனக்குப் பால் வத்திப்போச்சு. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு மலையேறினா, மத்தியானம் வரைக்கும் பிள்ளை பிள்ளைக்காம்பராவுலதான் கிடக்கணும். நாங்க கொழுந்தெடுக்கிற நேரம் கைப்பிள்ளைங்களைப் பாத்துக்கிற அறை அது. பசியில கத்திக் கத்தி என் பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போகும்.

கச்சான், அதான் வேர்க்கடலை, சத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. சத்துதான், இல்லேங்கல. வாங்கி வறுத்து, தோலை ஊதி, சக்கரை போட்டு அம்மியில அரைச்சேன். முதத் தடவையே எலுமிச்சங்கா அளவு உருட்டி வாயில திணிச்சேன். மத்தியானம் வரைக்கும் தாங்கட்டும்னு. பிள்ளைக்கு ஒத்துக்குதா இல்லையான்னு பாக்க எனக்கு ஏது நேரம்? கூடையத் தூக்கிட்டு ஓடிட்டேன்.

கொஞ்ச நேரத்துலயே மலைக்கு ஆள் வந்துச்சு. இறங்கி ஓடினேன். பிள்ளை உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா சிவந்து கிடக்கு. பிள்ளைக்காம்பராவுல ஆயா வேலை பாத்த காமாட்சியக்கா, "அம்மா வந்துட்டாடி. மருந்து கிருந்துன்னு ஓடிராத, ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னு சொன்னா. அம்மை போட்டா நாம என்ன செய்வோம்? அதையே செஞ்சேன். நாங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல, என் வாசல்ல வேப்பிலை சொருகினேன். பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, "ஆத்தா, எறங்கிப் போயிரு தாயி"ன்னு அழுதேன்.

சாயங்காலத்துக்குள்ள ஒரு தடிப்பு இல்ல!

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்வேன்! லயமே கூடிருச்சு. அம்மை இப்பிடி அரை நாள்ல எறங்கி யாராச்சும் பாத்திருக்கோமா? அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கல. என் வேண்டுதலுக்கு அம்புட்டுப் பவருன்னு தலை கனத்துப்போச்சு எனக்கு. "அம்மா வந்த நேரம் பிள்ளை வாயில கச்சான் இருந்துச்சுல்ல? அதைத்தான் ஆத்தா கேக்குறா. வெள்ளிக்கிழமை படைச்சுப் போடு"ன்னா காமாட்சியக்கா. பூசாரியும் ஆமான்னு தலையாட்டினாரு.

வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நெறைய உருண்டை பிடிச்சு ஆத்தா முன்னால வச்சேன். என் வீட்டுக்காரர் தப்படிக்கிறவர். அன்னைக்கு அவர் அடிச்ச மாதிரி என்னைக்கும் அடிச்சதில்ல. பூசை முடிஞ்சு, முதப் பிரசாதம் பிள்ளைக்குன்னு பூசாரி எடுத்துக் குடுத்தாரு. என் கையாலதான் ஊட்டினேன். இந்தக் கையாலதான்.

மூணு வாய் தின்னுருப்பா. உதடு வீங்கிருச்சு. கண்ணு மூடிக்கிச்சு. இழுத்து இழுத்து மூச்சு விடுறா, நெஞ்சுல விசில் மாதிரி சத்தம். "ஆத்தா மறுபடி பிள்ளை மேல எறங்கிட்டா!"ன்னு ஒருத்தி கத்தினா. ஒடனே குலவை. என் பிள்ளை காலைத் தொட்டுக் கும்பிட வரிசையில வராங்க! அடப்பாவிகளா, பிள்ளைக்கு முகம் நீலம் பாஞ்சு போகுது, உங்களுக்குக் கண்ணு இல்லையா?

நான் அம்மன் முகத்தைப் பாத்தேன். "தாயே, எனக்குப் பேர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்தது நீயா இல்லையா, அதை மட்டும் காட்டு"ன்னு வாய்விட்டுக் கேட்டேன். கேட்டு வாய் மூடல, செல்வி என் மேல வாந்தி எடுத்தா. அம்புட்டும் கச்சான். அன்னைக்கும் கச்சான், இன்னைக்கும் கச்சான். எனக்கு அப்போதான் புத்தி தெளிஞ்சுச்சு. அதுதான் ஆத்தா குடுத்த பதில்.

பிள்ளையை அள்ளிக்கிட்டு எந்திரிச்சா, காமாட்சியக்கா என் சேலையப் புடிச்சு இழுக்கிறா. "ஆத்தா எறங்கின பிள்ளையைக் கோயிலை விட்டுத் தூக்கிட்டுப் போகாதடி, தோட்டமே அழியும்!" என் வீட்டுக்காரர் தப்பைக் கீழ போட்டாரு. அவ கையைப் பிரிச்சு விட்டு, கூட்டத்தை ரெண்டு தோளாலயும் நெட்டி வழி விட்டாரு. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினோம்.

டிஸ்பென்சர் ஐயா ஊசி போட்டுக்கிட்டே, "பிள்ளைக்கு என்ன குடுத்த?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "இன்னும் செத்த நேரம் குலவை போட்டிருந்தா பிள்ளை இல்ல"ன்னாரு. கொஞ்சம் கொஞ்சமா அந்த விசில் சத்தம் அடங்குச்சு. செல்வி கண்ணைத் தொறந்தா.

பிள்ளை பொழைச்சதுக்கு இந்தத் தோட்டம் எங்களுக்குக் குடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆத்தாளை அவமதிச்சவன்னு என் புருசனைத் தப்படிக்கக் கூப்பிடல. என் வீட்டுல ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கல.

அப்புறம் எனக்கு மகன் பொறந்தான். அவனுக்கு ஏழு மாசத்துல, டிஸ்பென்சர் ஐயா சொன்னபடியேதான் கச்சான் குடுத்தேன். காய்ச்சல், சளி இல்லாத நாளாப் பாத்தேன். டிஸ்பென்சரி தொறந்திருக்கிற நாள், காலை நேரம், பெரட்டுக்குப் போகல. துண்டு ஒண்ணுகூட இல்லாம மையா அரைச்சு, கஞ்சியில தண்ணியாக் கரைச்சு, நகத்துனி அளவு வச்சேன். முழுக் கச்சானும் குடுக்கல, கட்டி உருண்டையும் குடுக்கல, தொண்டையில அடைச்சுக்கும். அவன் உதட்டையும் தோலையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒண்ணும் செய்யல. அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டினேன். இன்னைக்கு அவன் கைநெறையத் தின்னுவான். செல்விக்கு மட்டும் அது ஆகாது, அவ வாயில வைக்கவே கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு. இந்தப் பத்து வருஷமும் வச்சதில்ல.

என் அனுபவத்துல சொல்றேன், ஆத்தாளை நம்புங்க. கேட்டா பதில் சொல்வா. ஆனா அவ சொல்றதைக் கேக்காம நீங்களே அவளுக்காகப் பேசாதீங்க. பச்சைப் பிள்ளை வாயில பிரசாதம் வைக்கிறதுக்கு முந்தி, அதுக்கு என்ன ஆகாதுன்னு பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

போன வாரம் காமாட்சியக்கா என் காம்பரா வாசல்ல வந்து நின்னா. பத்து வருஷத்துல முதத் தடவை. பிள்ளைக்காம்பராவுல மெலிஞ்ச பிள்ளைங்களுக்குக் கச்சான் குடுக்கச் சொல்லித் தோட்டத்துல சொல்லிருக்காங்களாம். "எப்பிடிக் குடுக்கிறது தாயி, பயமா இருக்கு"ன்னா. உக்கார வச்சேன். அம்மிய இழுத்துப்போட்டு அரைச்சே காட்டினேன். பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சுச்சு? அவ தண்ணி கேட்டா, குடுத்தேன். குடிச்சா.

அவளை மன்னிச்சிட்டியான்னு யாரும் கேக்காதீங்க. அதுக்கு மனசு குடு தாயின்னு இன்னும் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.