வாக்கெடுப்பு நேரத்துச் சீட்டு

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சுபாஸ்ரீ எழுதுகிறாள். எனக்காக எதையும் பூசி மெழுகக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பொட்டிப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைகளில் தேவயானியும் ஒருத்தியாக இருந்தாள். சின்னமனூரில் நான் ஆயாவாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, லேசாக எத்துப்பல். பேச ஆரம்பித்தால் மட்டும் மடை திறந்த மாதிரிதான். அவளுடைய அப்பா ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் மலையில் உருண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாய்மாமன் சுருளி வைத்ததுதான் சட்டம்.

போன வருஷம் ஷீபா டீச்சர் பிள்ளைகளை வைத்து ஐ.நா. சபை மாதிரி ஒன்று நடத்தினார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாடு. தேவயானிக்குப் பெரு. கடலில் எத்தனை நாள் மீன் பிடிக்காமல் நிறுத்துவது என்பதுதான் விவாதம். அவள் கடலைக் கண்டதே இல்லை.

"மீனு இல்லாட்டி எங்க நாடே பட்டினி ஆயா" என்று என்னிடமும் பெருவாகவே பேசுவாள்.

"வைகை டேமுல ஜிலேபிக் கெண்டை விக்கிறாக, வாங்கித் தின்னுங்கடி" என்பேன்.

அந்தச் சபையின் விதிகளை எனக்குச் சொல்லித்தந்தது அவள்தான். பெயர் அட்டையைத் தூக்கி, தலைவர் கூப்பிட்ட பிறகுதான் பேச வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒன்றரை நிமிஷம். மற்ற நேரத்தில் யாரும் யாரோடும் வாய் திறக்கக் கூடாது, சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். சீட்டுக் கொண்டுபோக டீச்சர் என்னைப் போட்டார். யாருக்கு என்று கையைக் காட்டினால் கொடுத்துவிடுவேன். "ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, ரகசியம் வெளிய போகாது" என்று பிள்ளைகள் கேலி பேசினார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

"ஓட்டு ஆரம்பிச்சிட்டா கதவைச் சாத்திரணும் ஆயா. ஆளும் போகக் கூடாது, சீட்டும் போகக் கூடாது."

"கலெக்டரு குடுத்தா?"

"கலெக்டரு குடுத்தாலுந்தான்."

ஒத்திகையில் இரண்டு முறை வேண்டுமென்றே ஓட்டு நேரத்தில் சீட்டை நீட்டி என்னைச் சோதித்தாள். நான் ஏமாறவில்லை. கைதட்டிச் சிரித்தாள்.

சபைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் வருவது நின்றுபோனது. வீட்டில் விசேஷம் என்று சொல்லியனுப்பினார்கள். அது அவளுக்கே கல்யாணம் என்று எங்களுக்குத் தெரியாது. வயது பதினேழு என்பதால் கமுக்கமாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவளுடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டீச்சர் அவள் மாமனுக்குப் போன் போட்டு, "பிள்ளையை அனுப்பலைன்னா நானே வீட்டுக்கு வர்றேன்" என்றார். டீச்சர் வீட்டில் வந்து நின்றால் சங்கதி வெளியே போய்விடுமே! சபை நடக்கிற சனிக்கிழமை மட்டும் அனுப்ப மாமன் ஒத்துக்கொண்டார். அவரே கூட்டிவந்து அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார்.

மத்தியானச் சாப்பாட்டிலும் மாமன் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் வைக்கப் போன நான், "ஏன் ஆத்தா மெலிஞ்சுட்ட?" என்று கேட்டேன்.

"ஒழுங்காத் திங்க மாட்டேங்குறா" என்று அவர் பதில் சொன்னார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீச்சர் மரச்சுத்தியலால் மேசையைத் தட்டி, வாக்கெடுப்பு என்றார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பினால் தேவயானி நாலாக மடித்த சீட்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள். மாமன் கண் அப்போதுதான் அவளை விட்டு டீச்சர் மேசைப் பக்கம் போயிருந்தது. டீச்சரைக் காட்டினாள். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். எட்டி என் கையில் திணித்தாள்.

"ஓட்டு ஆத்தா, ஓட்டு. முடியட்டும்" என்றேன் மெல்ல. பழையபடி சோதிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கதவுப் பக்கமே நின்றேன்.

முடிந்ததும் ஒரே கைதட்டல். வந்தவர்களுக்கு டீ கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சரைச் சுற்றிக் கூட்டம். மாமன் அவளைக் கிளப்பிவிட்டார். கேட்டுக்குப் போனவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பியிருக்கிறாள். நான் அதைச் சுருக்குப் பையில் போட்டு வைத்தேன். ஓட்டு முடிந்த பிறகு மீன் சீட்டுக்கு என்ன அவசரம்?

திங்கட்கிழமை காலை கொடுத்தேன். டீச்சர் நின்றபடியே படித்தார், அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார்: "டீச்சர், திங்கட்கிழமை விடியற்காலையில் எனக்குக் கல்யாணம். மாமா பின்னால் உட்கார்ந்திருக்கிறார். என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்."

அதற்குள் தாலி ஏறிவிட்டது. டீச்சர் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வடுகபட்டியில் மாப்பிள்ளை வீட்டுக்கே போனார். பதினெட்டு முடிந்தது என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்களாம். தேவயானியைக் கேட்டதற்கு, டீச்சர் முகத்தைப் பார்க்காமல், "எனக்குச் சம்மதந்தான்" என்று சொல்லிவிட்டாளாம்.

"விதிப்படிதானே செஞ்சீங்க ஆயா" என்று டீச்சர் என்னைத் தேற்றினார். இன்றுவரை நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. விதி எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் முகமும் எனக்குத் தெரிந்ததே.

ஐப்பசியில் நானே வடுகபட்டிக்குப் பஸ் ஏறினேன். வாசலில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது.

"அந்தச் சீட்டை நான் அன்னிக்குக் குடுக்கலை ஆத்தா. திங்கக்கிழமைதான் குடுத்தேன்."

அவள் கை நின்றது. "அப்ப டீச்சர் அன்னிக்குப் படிக்கலையா?"

"இல்லத்தா."

"படிச்சிட்டும் வராம இருந்துட்டாகன்னு நெனச்சேன் ஆயா. தாலி கட்டுற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கோவத்துலதான் ஆபீசர்ட்ட சம்மதம்னு சொன்னேன்."

"என்னைய நாலு வார்த்தை வையி ஆத்தா."

அவள் வையவில்லை. உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர்ட்ட இதைச் சொல்லாதீக ஆயா. அழுவாக."

நான் சொன்னேன். டீச்சர் அழத்தான் செய்தார்.